ஒன்பது கோணி

மூன்று பாத்தி.
எட்டடிக்கு நாலடி, நாலங்குல உயரம்.
மின் கட்டண அட்டையின் பின்புறத்தில்
பெருக்கிப் பார்த்தேன்:
மண்ணைப் போர்த்த
ஒன்பது கோணி ஏதாவது வேண்டும்.

சித்திரை பாதி போய்விட்டது.
காலையில் ஊற்றும் மெட்ரோ வாட்டர்
பத்து மணிக்குள்
பெரம்பூரை விட்டே போய்விடுகிறது.
மதியத்தில் கத்தரிச் செடிகள்
பீஸ் கட்டாத பிள்ளைகள் மாதிரி
தலை தொங்கி நிற்கின்றன.

நர்சரிக்காரர் பளபளவென்று ஒரு பையைக் காட்டினார்.
உள்ளே மரப்பட்டை.
"இம்போர்ட்டட் மேடம். கிலோ நூற்றைம்பது."
என் கூறைப்புடவையை விரித்தால்
இதைவிட மலிவாக முடியும் என்றேன்.
அவர் சிரிக்காமல் நார்க்கட்டிக்குத் தாவினார்.
"உப்பு இருக்கும். மூணு தண்ணி அலசிட்டுப் போடுங்க."
மூன்று தண்ணீர்!
தண்ணீர் இல்லாமல்தானே ஐயா
உங்களிடம் வந்தேன்.

மூலக்கடை மரவாடியில்
தூள் மலைபோல் கிடந்தது, காசே வேண்டாமாம்.
ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்:
"தேக்கா, பிளைவுட்டா?"
"எல்லாந்தான்."
குனிந்து முகர்ந்தேன். பசை நெடி.
கீரை தின்கிறவள் நான்,
மேஜை தின்ன முடியாது.

அப்புறம் கரும்புச் சக்கை.
"மாட்டுக்காரன் வர்றதுக்குள்ள அள்ளிக்கக்கா"
என்றார் ஜூஸ் வண்டிக் கோதண்டம்.
இரண்டு கோணி.
ஷேர் ஆட்டோவில் கோணிக்கும் ஒரு சீட்டுக்குக் காசு.
பொழுது விடிவதற்குள்
வார்டு முழுக்க இருந்த எறும்புகள்
என் பாத்தியில் கூட்டம் போட்டன.
மாடிவீட்டு பெஞ்சமின் சார் இறங்கி வந்து,
சர்க்கரை டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு,
ஒன்றும் சொல்லாமல் மேலே போனார்.
சக்கை மாட்டுக்கே போனது.

ஆறு வருடமாக இதே தெரு.
ஆறு வருடமாக ஆறு மணிக்கு
விளக்குமாற்றுச் சத்தம் கேட்டுத்தான் எழுகிறேன்.
அன்றைக்குத்தான் கேட்டைத் திறந்து பார்த்தேன்.
தூங்குமூஞ்சி மரம் இரவெல்லாம் உதிர்த்ததை
மல்லேஸ்வரி குவித்துக்கொண்டிருந்தாள்,
பேட்டரி வண்டி பக்கத்தில்.
நான் தேடிய ஒன்பது கோணி,
என் வாசலைத் தாண்டி
தினமும் கொடுங்கையூருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"குடுக்க முடியாதுக்கா. எடை போடுவாங்க.
வண்டி கொறஞ்சா மேஸ்திரி என்னைக் கேப்பாரு."
கொஞ்சம் யோசித்தாள்.
"வேணும்னா நான் வர்றதுக்கு முன்னாடி
நீயே பெருக்கி எடுத்துக்கோ."

ஐந்தரை மணி. தெருவிளக்கு அணையவில்லை.
இருபது வருடம் பேங்கில் நோட்டு எண்ணிய கையில்
ஈர்க்கு விளக்குமாறு.
பான்பராக் உறை, பாட்டில் மூடி,
யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைத் தோடு,
நாய் செய்துவைத்தது,
இவற்றுக்கு நடுவில் இலை.
பால் வாங்க வந்த எதிர்வீட்டு மங்களகௌரி
நான் நிமிர்வதற்குள்
என்னைத் தெரியாதவளாகிவிட்டாள்.
அவள் வீட்டுச் சன்னல் சாத்தும் சத்தத்தை
மல்லேஸ்வரி எத்தனை தடவை கேட்டிருப்பாள்
என்று கணக்குப் போட
அட்டையின் பின்புறம் போதாது.

இடுப்பு பிடித்துக்கொண்டது.
பன்னிரண்டு நாளில் ஏழு கோணி.
மதியம் ஒன்றரை மணிக்கு
இலையை விலக்கி
கத்தரி மூட்டில் விரல் வைத்தேன்.
ஈரம்.
காலையில் ஊற்றியது,
இன்னும் ஊரை விட்டுப் போகாமல்.

மறுநாள் மல்லேஸ்வரியிடம் கேட்டேன்,
இதற்கு நான் என்ன தரட்டும் என்று.
"திங்கக்கிழமை எனக்கு லீவு வேணும்.
அன்னிக்கு அடுத்த தெருவையும் சேத்துப் பெருக்கிடு."
சிரித்தாளா என்று
முகக்கவசத்தில் தெரியவில்லை.

மூன்றாவது பாத்தி பாதி திறந்து கிடக்கிறது.
அடுத்த தெருவில்
இரண்டு வாகை மரம்.